ஹெட்போன் பற்றி நண்பர்களிடம் கருத்துச் சொல்வதும் கேட்பதும் எப்படி

ஹெட்போன் பைத்தியம் பிடித்த நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஓயாது. வேலை, வீடு, பிள்ளைகள், தூக்கம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் "சரி, அந்த ஹெட்போன் எப்படி இருக்கு?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் "சூப்பர்", "பாஸ் சுமார்தான்", "க்ளாரிட்டி செம" என்ற அளவில் முடிந்துவிடும். அதை நம்பி ஒருவர் வாங்குவார். அவர் காதில் அது வேறு மாதிரிக் கேட்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவர் காதிலும் குறை இல்லை. எந்த நிலையில் கேட்டேன் என்ற விவரம் அந்தப் பதிலில் இல்லை, அவ்வளவுதான்.

நான் கண்ணாடி போடுபவன். பகல் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, பாதி நேரம் யாருடனாவது அழைப்பில் இருப்பேன். நிம்மதியாகப் பாட்டுக் கேட்பது மகள் தூங்கிய பிறகுதான். இந்த மூன்றையும் சொல்லாமல் நான் எந்த ஹெட்போனைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. மூன்றுமே ஒலியை மாற்றுகின்றன, அல்லது அதைப் பற்றிய என் மதிப்பீட்டை மாற்றுகின்றன. உங்கள் கருத்து இன்னொருவருக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும் என்றால் என்னென்ன சரிபார்க்க வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எந்த நேரத்துக்கு, எந்த இடத்துக்கு

முதலில் அதை எங்கே, எப்போது போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஓப்பன் பேக் ஹெட்போனில் காதை மூடும் கப்பின் வெளிப்பக்கம் திறந்திருக்கும். உள்ளே கேட்பது வெளியேயும் கேட்கும், வெளியே கேட்பது உள்ளேயும் வரும். 1968-இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 414 வந்த நாளிலிருந்து இந்த வகைக்கு ரசிகர்கள் உண்டு. ஒலி தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் விரிந்து கேட்பதுதான் காரணம். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கும் அறையில் ஓப்பன் பேக் போட்டு மனம்விட்டுக் கேட்க முடியாது. அமைதியான அறையில், சாதாரண வால்யூமில், ஒரு கை தூரத்தில் இருப்பவருக்குப் பாட்டின் வரிகூடப் புரியும். அதனால் நண்பர் "ஓப்பன் பேக் வாங்கட்டுமா?" என்று கேட்டால் பாட்டு ரசனையை விசாரிப்பதற்கு முன் அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எடையும் இப்படித்தான். சென்ஹைசர் எச்டி 600 ஏறக்குறைய 260 கிராம். ஆடீஸின் எல்சிடி வரிசையில் அரைக் கிலோவைத் தாண்டுபவை இருக்கின்றன. பத்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது இரண்டுமே சுகமாக இருக்கும். இரண்டாவது மணி நேரத்தில் உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுத்தம் ஏறுகிறதா, தாடைக்கு மேலே கப் இறுக்குகிறதா என்பதைத்தான் நண்பருக்குச் சொல்ல வேண்டும். தலை பெரியதா சிறியதா என்பதையும், ஹெட்பேண்டை எத்தனை படி இறக்கிப் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் தன் தலைக்குக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

அழைப்புகளுக்குப் பயன்படுத்துபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். புளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்ததும் ஒலி திடீரென்று பழைய தொலைபேசி போல ஆகிவிடுவது அந்த ஹெட்போனின் குறை அல்ல. பாட்டு ஒரு வழியில் வருகிறது, அழைப்பு வேறு வழியில் போகிறது. அந்த இரண்டாவது வழியில் ஒலியின் மாதிரி வீதம் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், கூடவே ஸ்டீரியோவும் போய்விடும். கணினியின் ஒலி அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுங்கள், கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வையுங்கள். பழைய தரம் உடனே திரும்பிவிடும். "மீட்டிங்ல சவுண்ட் கேவலம், வித்துடலாம்னு இருக்கேன்" என்று புலம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சீல் சரியாக இருக்கிறதா

இளைய நண்பர் ஒருவர் புதிதாக ஒரு க்ளோஸ்ட் பேக் (கப்பின் வெளிப்பக்கம் மூடிய வகை) வாங்கியதும் எனக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, எல்லாரும் பாஸ் பாஸ்னு சொன்னாங்க. ஒண்ணுமே இல்ல. திருப்பி அனுப்பிடட்டுமா?"

"கண்ணாடி போட்டிருக்கியா தம்பி?"

"ஆமா."

"கழட்டிட்டு அதே பாட்டை ஒரு தடவை கேளு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அட, இப்ப இருக்குண்ணே!"

க்ளோஸ்ட் பேக்கில் காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேடும் தோலும் இடைவெளியின்றிச் சேர்வதைத்தான் சீல் என்கிறோம். அந்த இடத்தில் சின்ன இடுக்கு இருந்தாலும் தாழ்ந்த ஒலி அந்த வழியாகக் கசிந்துவிடும். கண்ணாடிக் காம்பு, காதோரத்து முடிக்கற்றை, தாடி, எலும்பு துருத்திய கன்னம் என்று எது வேண்டுமானாலும் அந்த இடுக்கை உண்டாக்கலாம். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பத்து டெசிபெல் வரைகூடப் போய்விடும். அவ்வளவு போனால் அதைச் சின்ன வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஹெட்போனே மாறிப்போன மாதிரி இருக்கும்.

சரிபார்ப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். டோன் ஜெனரேட்டர் செயலி ஏதாவது போதும். இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்லத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தியதும் ஒலி கூடினால் சீல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூடினால் அந்தப் பக்கம் என்ன தடுக்கிறது என்று பாருங்கள். பேடைக் கொஞ்சம் முன்னே நகர்த்துவது, காம்பை உயர்த்தி வைப்பது, மெல்லிய காம்புள்ள கண்ணாடிக்கு மாறுவது எல்லாமே உதவும். ஓப்பன் பேக் பலவற்றில் இந்தக் கசிவு இவ்வளவு பெரிய மாற்றம் செய்யாது. கண்ணாடிக்காரனான நான் ஓப்பன் பேக் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காதுக்குள் போகும் இயர்போனில் இது இன்னும் முக்கியம். பெட்டியில் வரும் மூன்று அளவு டிப்பையும் போட்டுப் பாருங்கள். வலக் காதுக்கு ஒரு அளவும் இடக் காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சாதாரணம்தான், தயங்காமல் கலந்து போடுங்கள். காதுமடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால் நன்றாக உட்காரும். எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்து 8 கிலோஹெர்ட்ஸ் அருகில் வரும் ஒரு மேடு இடம் மாறும். ஒரே இயர்போனை ஒருவர் "கூசுது" என்பதும் இன்னொருவர் "மென்மையா இருக்கு" என்பதும் இதனாலும் நடக்கும். டிப் சிலிக்கனா ஃபோமா, எந்த அளவு என்பதைக் கருத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

பேடின் வயதையும் சொல்லுங்கள். எண்ணெயும் வியர்வையும் ஏறிப் பேட் அமுங்கிவிட்டால் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) காதுக்கு நெருங்கிவிடும், சீலும் மாறும், ஒலியும் மாறும். பழைய பேடோடு ஒருவர் சொல்லும் கருத்தும் புதுப் பேடோடு நீங்கள் கேட்பதும் ஒத்துப்போகாமல் இருந்தால் சண்டை போட ஒன்றுமில்லை. மாற்றுப் பேட் வாங்கும்போது அந்த மாடலுக்கென்று அதே நிறுவனம் செய்வதை வாங்குவதே நல்லது. வெல்வெட்டுக்குப் பதில் தோல் மாதிரிப் பேட் போட்டாலே பாஸும் மிட்ஸும் (நடுப்பகுதி ஒலி) நகர்ந்துவிடும்.

வால்யூமை ஒன்றாக்காமல் ஒப்பிடாதீர்கள்

இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்கும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும் ஹெட்போன்தான் எப்போதும் ஜெயிக்கும். ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக் காது "சத்தம் அதிகம்" என்று எடுத்துக்கொள்ளாது. "தெளிவு அதிகம்", "உயிர் அதிகம்" என்று எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளைக் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். ஆக, குறைந்த வால்யூமில் கேட்டவர் "பாஸ் போதாது" என்பதும் கூடிய வால்யூமில் கேட்டவர் "பாஸ் அள்ளுது" என்பதும் ஒரே ஹெட்போனைப் பற்றியதாக இருக்கலாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பின்னணி இசை இல்லாத ஒரு பேச்சுப் பதிவு வைத்திருக்கிறேன். ஒருவர் ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் எவ்வளவு கேட்குமோ, ஹெட்போனில் அந்தப் பேச்சு அவ்வளவே கேட்கும்படி வால்யூமை வைப்பேன். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் ஒட்டி இருக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் எந்த ஹெட்போனுக்கும் அதுதான் தொடக்கம். இரண்டாவது ஹெட்போனுக்கும் இதே பேச்சை வைத்து வால்யூமைச் சரிசெய்வேன். பிறகு பாட்டு. "பேச்சு அளவுக்கு மேல் இரண்டு படி வைத்துக் கேட்டேன்" என்று நண்பரிடம் சொன்னால் அவரும் தன் வீட்டில் அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓர் அட்டையில் துளை போட்டு, கைபேசியின் மைக் அந்தத் துளைக்கு நேரே வரும்படி ஒட்டி, பேடை அட்டைமேல் சீராக அழுத்தி, இரைச்சல் பதிவு ஒன்றை ஓடவிட்டு ஒலி அளவுச் செயலியில் பாருங்கள். அந்த எண்ணை உண்மையான டெசிபெல் என்று நம்ப வேண்டாம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க அது போதும்.

இங்கேயே காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரமோ அடைத்த மாதிரி உணர்வோ இருந்தால் வால்யூம் அதிகம். புதிய ஹெட்போனைச் சோதிக்கும் ஆர்வத்தில் ஏற்றி ஏற்றிக் கேட்கும் நண்பர்களை நான் கண்டிப்பாகவே சொல்லி நிறுத்துவேன். இந்தப் பொழுதுபோக்கில் மாற்ற முடியாத ஒரே பாகம் காதுதான்.

எதில் செருகிக் கேட்டீர்கள்

"என் போன்ல சவுண்டே பத்தல" என்பவருக்கும் "எனக்குப் பாதி வால்யூமே அதிகம்" என்பவருக்கும் நடுவில் இருப்பது வெறும் கணக்கு. பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது, ஓம் கணக்கில். இன்னொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபெல் கணக்கில். இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு என்று தருகின்றன, சில ஒரு வோல்ட்டுக்கு என்று தருகின்றன. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

100 டெசிபெல், ஒரு மில்லிவாட்டுக்கு என்று போட்ட இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 32 ஓம், மற்றது 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் முதலாவது ஏறக்குறைய 115 டெசிபெல் தரும், இரண்டாவது 105. பெட்டியில் ஒரே எண்தான், ஆனால் ஒரே டாங்கிளில் (கைபேசியின் சார்ஜ் துளையில் செருகி ஹெட்போனை இணைக்கும் சின்னக் கருவி) செருகினால் பத்து டெசிபெல் வித்தியாசம். பேயர்டைனமிக் டிடி 990 எடிஷன் 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. "டிடி 990 வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னால் எது என்று எப்படித் தெரியும்? ஓம் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கைபேசியில் செருகும் நல்ல டாங்கிள் பல ஒரு வோல்ட் வரை தரும். 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் என்ற ஹெட்போனுக்கு அது உச்ச ஒலியில் 102 டெசிபெல்லைத் தொட்டுவிடும். இப்போதைய பாட்டுப் பதிவுகளுக்கு அது தாராளம். பதிவின் சராசரிச் சத்தமே தாழ்ந்திருக்கும் பழைய வாத்திய இசைப் பதிவுகளில்தான் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எனவே "ஆம்ப் (ஒலியைப் பெருக்கித் தரும் தனிக் கருவி) வேணுமா?" என்று யாராவது கேட்டால், இப்போது வால்யூம் எவ்வளவில் இருக்கிறது என்று கேளுங்கள். எழுபது சதவீதத்திலேயே போதும் போதும் என்றிருந்தால் ஆம்ப் வாங்கி வால்யூம் பெறப்போவதில்லை.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸும் முக்கியம். ஹெட்போனின் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 32 ஓம் என்றால் 4 ஓம் அல்லது அதற்குக் கீழே. தாண்டினால், இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும் ஹெட்போன்களிலும் பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற சின்ன டிரைவர் வைத்த இயர்போன்களிலும் ஒலிச் சமநிலையே மாறும். அப்போது உங்கள் காதில் பாஸ் கூடுதல், அவர் காதில் இல்லை.

கேபிள், கோடெக் (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கேபிள் மென்மையாக, சட்டையில் உரசினால் இரைச்சல் வராமல், பிளக் தளராமல் இருந்தால் எனக்குத் திருப்தி. எல்டிஏசி என்ற கோடெக் நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும். நடந்துகொண்டு கேட்கும்போது அதைவிட விட்டு விட்டு வராமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டில் வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியாகச் சொல்ல விரும்புபவர்கள், எது ஓடுகிறது என்று தெரியாமல் மாற்றிக் கேட்கும் ஏபிஎக்ஸ் சோதனையைச் செய்துவிட்டுச் சொல்லட்டும். ஃபூபார் 2000-இல் அதற்கான இணைப்பு இருக்கிறது.

எங்கே கூடுதல், எங்கே குறைவு

நேரம் எடுத்துப் பழக வேண்டிய பகுதி இது. "சவுண்ட் நல்லா இல்ல" என்பதை அதிர்வெண்ணாக மாற்றத் தெரிந்துவிட்டால் உங்கள் கருத்து யாருக்கும் பயன்படும்.

பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். 60-க்குக் கீழே இருப்பது காதால் கேட்பதைவிட உடம்பில் உணர்வது போலத் தோன்றும். ஆண் குரலின் அடித்தளம் 100-ஐ ஒட்டித் தொடங்கும். 200 முதல் 300 வரை வீங்கியிருந்தால் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், பின்னால் இருக்கும் வாத்தியங்கள் மங்கும். 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான் குரல் நம்மை நோக்கி வருகிறதா விலகி நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. நம் காது அதிகம் கூர்மையாக இருப்பதும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான்.

அதற்கு மேலே 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிபடுவதற்கு நம் எழுத்துகளே போதும். பாடுபவர் ஸ், ஷ் வரும் இடத்தில் கத்தி தீட்டுவது போல உறுத்துகிறதா என்று கவனியுங்கள். "வசந்தம்", "விஷம்", "ஸ்வரம்" மாதிரிச் சொற்கள் வரும் வரிகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உறுத்தினால் அந்தப் பகுதியில் மேடு. அதே வரியில் எழுத்து மழுங்கி, "ஸ்" என்பது காற்று ஊதியது போல மட்டும் இருந்தால் பள்ளம். ப, ப்ர என்று உதடு திறக்கும் இடத்தில் மைக்கில் காற்று மோதும் "தும்" கேட்கும். அது மிகையாக இருந்தால் கீழ்ப்பகுதி கூடுதல். பதிவிலேயே அப்படி இருக்கலாம் என்பதால் வெவ்வேறு குரல்களில் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

பிறகு அதை நிரூபித்துக்கொள்ளுங்கள், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்யூ இருக்கிறதே. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈஸி எஃபெக்ட்ஸ், ஆண்ட்ராய்டில் வேவ்லெட், எல்லாமே பயன்படும். "ஸ்" உறுத்துகிறது என்று வையுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, டோன் ஜெனரேட்டரில் 4 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் ஒலி சட்டென்று எகிறும். 7 கிலோஹெர்ட்ஸ் என்றால் அந்த இடத்தில் கியூ மதிப்பு (எவ்வளவு குறுகிய பகுதியைத் தொடுகிறது என்பதன் அளவு) 2 வைத்து 4 டெசிபெல் இறக்குங்கள். பழைய வரியைத் திரும்பக் கேளுங்கள். உறுத்தல் போய், குரல் உயிரோடு இருந்தால் நீங்கள் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். மங்கிப்போனால் 2 டெசிபெல்லுக்குத் திரும்புங்கள். எதையாவது ஏற்றினால் மட்டும், எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு டெசிபெல் ப்ரீஆம்பில் (ஈக்யூ செயலியில் மொத்தச் சத்தத்துக்கான அமைப்பு) இறக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் உச்ச ஒலியில் உடைசல் வரும்.

இதைச் செய்து முடித்தால் உங்களால் இப்படி எழுத முடியும்: "க்ளோஸ்ட் பேக், 32 ஓம், கைபேசி டாங்கிள், பேச்சு அளவுக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடியோடு கேட்டால் பாஸ் பாதி போகிறது, கழற்றினால் நிறைவாக இருக்கிறது. பெண் குரலில் ஸ் கொஞ்சம் கூர்மை, 7 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறக்கியதும் சரி. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு உச்சந்தலையில் அழுத்தம்." யார் படித்தாலும் தனக்குச் சரிவருமா என்று இதை வைத்தே முடிவெடுத்துவிடலாம்.

முதல் நாளே எழுதாதீர்கள். புதுசு என்ற மகிழ்ச்சியில் எல்லாமே இனிக்கும். காதும் சில நாட்களில் எந்த ஒலிக்கும் பழகிவிடும். ஒரு வாரம் புதியதை மட்டும் கேளுங்கள், பிறகு பழையதுக்குத் திரும்புங்கள். திரும்பிய முதல் பத்து நிமிடத்தில் எது குறைகிறது, எது நிம்மதியாக இருக்கிறது என்று தோன்றுவதை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன். நாள் போகப் போக ஹெட்போன் "பழுத்து" ஒலி மாறியது என்று நண்பர்கள் சொல்வார்கள். பேட் மென்மையாகி உட்காருவதையும் நம் மூளை பழகுவதையும் கழித்துவிட்டால் அதில் பெரிதாக எதுவும் மிஞ்சுவதாக நான் நினைக்கவில்லை.

கிராஃபைக் காட்டிப் பேசும்போது

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் அளவீட்டுக் கிராஃப் மிகவும் உதவும், வாசிக்கத் தெரிந்தால். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே பெரிய மலை தெரிந்தால் பயப்பட வேண்டாம். காதுமடலும் காதுக்குழாயும் இயல்பாகவே அந்த இடத்தை உயர்த்துகின்றன. செவிப்பறை இருக்கும் இடத்தில் அளந்தால் அந்த மலை இருக்கத்தான் வேண்டும். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2010-களில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த ஹார்மன் டார்கெட் கோட்டை ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற சமநிலையைப் பெரும்பாலானோர் விரும்பினார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. அதே ஆய்வுகளில் இன்னும் கூடுதல் பாஸ் கேட்டவர்களும் குறைவாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே கோட்டிலிருந்து விலகியதை விரும்பும் நண்பரைத் திருத்தப் போகாதீர்கள்.

செயற்கைக் காது பொருத்திய ஒரே அளவீட்டுக் கருவியில் எடுத்த கிராஃப்களை மட்டும் ஒன்றோடொன்று வையுங்கள். 8, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வரும் மேடு பள்ளங்களை அப்படியே நம்பாதீர்கள். அங்கே உங்கள் காதின் வடிவம் கருவியின் காதைவிட வேறு.

கோளாறு என்று சந்தேகம் வந்தால்

"ஒரு பக்கம் சத்தம் கம்மி" என்று யாராவது சொன்னால் உடனே டிரைவர் போச்சு என்று சொல்லிவிடாதீர்கள். ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மாற்றிப் போட்ட பிறகும் அதே காதில் குறைவு என்றால் பிரச்சினை காதில், அழுக்கு அடைத்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டட்டும். குறைவு மறு காதுக்குப் போனால் ஹெட்போனோ அதற்கு முன்னால் உள்ளதோ. அடுத்து வேறு கருவியில் செருகச் சொல்லுங்கள். அங்கே சரியாக இருந்தால் ஹெட்போன் பிழைத்தது. வால்யூம் குமிழை மிகக் கீழே வைத்தால் மட்டும் ஒரு பக்கம் குறைகிறது என்றால் அது குமிழின் குணம். ஆம்பில் கெயினை (பெருக்கும் அளவை) குறைத்துவிட்டு, அல்லது கணினியின் வால்யூமை இறக்கிவிட்டு, குமிழை மேலே ஏற்றிப் பயன்படுத்தினால் போதும். இயர்போன் என்றால் முதலில் முனையில் உள்ள சல்லடையை வெளிச்சத்தில் பாருங்கள், காதழுக்கு அடைத்துக்கொண்டு மங்கச் செய்வது மிகச் சாதாரணம்.

இன்னொன்று, பாஸ் வரும்போது மட்டும் வரும் கொரகொர. என் ஓப்பன் பேக்கில் இடது பக்கம் இது வந்தது. 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்திக் கேட்டபோது 50, 60-ஐத் தாண்டும் இடத்தில் காகிதம் துடிப்பது போல ஒரு ஒலி, அதற்கு மேலே போனதும் சுத்தம். பேடைச் சுற்றிலும் விரல் நகத்தால் நெம்பிக் கழற்றினேன். அடியில் கறுப்பு ஃபோம் வட்டு, அதையும் எடுத்தேன். மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது சல்லடையின் ஒரு துளை வழியே அரை விரல் நீளத்தில் முடி ஒன்று நிற்பது பளிச்சென்று தெரிந்தது. அதன் நுனி உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் டயஃப்ரமைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுக்கியால் நுனியைப் பிடித்து நேராக மேலே இழுத்ததும் வந்துவிட்டது. ஃபோமை ஓர் ஒட்டுநாடாவால் ஒற்றிச் சுத்தம் செய்து திரும்ப வைத்து, அதே ஒலியை ஓடவிட்டேன், சுத்தமாக இருந்தது.

இதைச் செய்யும்போது வாயால் ஊதவோ வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சவோ வேண்டாம். டயஃப்ரம் மிக மெல்லிய படலம், அழுத்தம் மாறினால் நசுங்கி வடிவம் போய்விடும். உலோக இடுக்கி காந்தத்தால் சல்லடைப் பக்கம் இழுபடும், அதனால் பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் அதையே எடுங்கள். உத்தரவாதக் காலத்தில் இருந்தால் பேடைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திருகாணிப் பக்கம் போக வேண்டாம்.

கைமாற்றாகக் கொடுக்கும்போது

எத்தனை எழுதினாலும், ஒரு வாரம் கையில் கொடுப்பதற்கு ஈடாகாது. நான் கொடுக்கும்போது பேடை உலர்ந்த மென்துணியால் துடைத்து, அதே பேட், அதே கேபிளோடு கொடுப்பேன். 6.35 மில்லிமீட்டர் அடாப்டரையும் போட்டுவைப்பேன், அது இல்லாமல்தான் பாதிப் பேர் முதல் நாளை வீணடிக்கிறார்கள். இயர்போன் என்றால் டிப்பை மட்டும் கொடுக்க மாட்டேன். அவரவர் டிப்பை அவரவர் போட்டுக்கொள்ளட்டும், காது சம்பந்தப்பட்டது. புளூடூத் ஹெட்போனைப் பாதி சார்ஜில் கொடுப்பேன், திரும்பி வந்ததும் பழைய இணைப்புகளை அழித்துவிடுவேன்.

கூடவே ஒரு சின்னக் காகிதத்தில் நான் எதில் செருகினேன், வால்யூம் எங்கே இருந்தது, ஈக்யூ போட்டேனா இல்லையா என்று எழுதி வைப்பேன். என் அபிப்பிராயத்தை அதில் எழுத மாட்டேன். அவர் கேட்டுவிட்டுச் சொல்லட்டும், அப்புறம் என்னுடையதைச் சொல்வேன். முன்பே சொல்லிவிட்டால் அவர் காது நான் சொன்ன இடத்தையே தேடிப் போகும். இதுவரை எனக்குக் கிடைத்த பயனுள்ள கருத்துகளில் பெரும்பாலானவை இப்படி எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது வந்தவைதான்.